தங்க டெஸ்ட் கேட்டு வருகிறார்கள், பாதிச் செய்தியைப் போட்டால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. தங்கப் பூச்சு பூசிய சில்லில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும், புற்றுநோய் இருக்கிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும், வெளிநாட்டு விஞ்ஞானிகள் சாதனை, அவ்வளவுதான் செய்தி. பக்கத்தில் ஒரு தங்கக் காசு படம். அந்தக் காசுக்கும் செய்திக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, அது போகட்டும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். செய்தி வந்த மறுநாளே ஆட்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். “அண்ணாச்சி, பேப்பர்ல போட்டிருந்தாவல்லா, அந்தத் தங்க டெஸ்ட்டு, அது இங்க உண்டா? என்ன ரேட்டு?” கேட்பதில் தப்பில்லை, இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. அவர் வீட்டுக்காரருக்கு நாக்கு ஓரத்தில் புண், மாதக்கணக்கில் ஆறவில்லை, ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மா என்னடாவென்றால், “கத்தி வைக்காமலே பாக்கிற டெஸ்ட்டு வந்திருக்காம்லா தம்பி, அது நம்ம ஊருக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கிடுதோம்” என்கிறார். புகையிலை போடுகிற மனிதர், ஆறாத புண், அதற்குச் சதை டெஸ்ட்டைத் தவிர உறுதியான பதில் இன்றைக்கு எந்த ஊரிலும் கிடையாது, மூன்று வாரம் தாண்டியும் வாய்ப்புண் ஆறாவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். கேட்டாரா என்று தெரியாது.

செய்தி பொய் என்று சொல்ல வரவில்லை. விஷயம் உண்மைதான், அருமையான விஷயமும்கூட, ஆனால் அதில் ஒரு பாதியைத்தான் நீங்கள் போட்டிருக்கிறீர்கள். விட்டுப்போன பாதியை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன், இடமிருந்தால் போடுங்கள், நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு அடிப்படை நம் ஆட்கள் கண்டுபிடித்தது. 1928 பிப்ரவரி 28, கல்கத்தாவில் சர் சி.வி. ராமன். அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினம் என்று பள்ளிக்கூடங்களில் பேச்சுப்போட்டி வைத்துக் கொண்டாடுகிறோம். அவரோடு தோளுக்குத் தோள் நின்று சோதனைகளைச் செய்தவர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்தவர். வத்திராயிருப்பு இன்றைக்கு விருதுநகர் மாவட்டம் என்றாலும் அவர் பிறந்த 1898-ல் அது திருநெல்வேலி ஜில்லா. பேச்சுப்போட்டியில் பேசுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அவர்கள் கண்டது இதுதான். ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால் சிதறி வரும் ஒளியில் கிட்டத்தட்ட எல்லாமே போன நிறத்திலேயே திரும்பும். மிகமிகக் கொஞ்சம் மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது, ஆகவே நிறம் மாறிய ஒளியைப் பிரித்துக் கோடுகளாகப் பார்த்தால் அந்தப் பொருள் இன்னதென்று அடையாளம் சொல்லிவிடலாம். ஒன்றையும் கரைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம், சாயம் போட வேண்டாம். ஒரே ஒரு தொல்லை, அந்த நிறம் மாறிய ஒளி, அதாவது ராமன் ஒளி, சுமாராகக் கோடியில் ஒரு பங்குதான். ரத்தத்தில் நாங்கள் தேடுகிற சமாச்சாரங்களோ நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு), பிக்கோகிராம் (அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் இருப்பவை. அவ்வளவு குறைந்த பொருளில் இருந்து அவ்வளவு குறைந்த ஒளியை எங்கே போய்ப் பிடிப்பது?

இங்கேதான் உலோகப் பூச்சு வருகிறது. 1974-ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், ஹென்ட்ரா, மெக்குவிலன் என்ற மூன்று பேர், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் பிரிடின் என்ற பொருளை ஒட்டவைத்துப் பார்த்தபோது ராமன் ஒளி வழக்கத்தைவிட ஏகப்பட்ட பலத்தோடு வந்தது. சொரசொரப்பானால் பரப்பு கூடும், ஒட்டும் மூலக்கூறும் கூடும், அதனால்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். பரப்பு கூடியதற்கும் ஒளி கூடியதற்கும் கணக்கு ஒத்துவரவில்லை, பெருக்கம் பத்து லட்சம் மடங்கு அளவில் இருக்கிறது, இது வேறு சங்கதி என்று 1977-ல் அமெரிக்காவில் ஒரு குழுவும் இங்கிலாந்தில் ஒரு குழுவும் தனித்தனியே சொன்னார்கள். 1997-ல் ஒற்றை மூலக்கூறையே இந்த முறையில் பார்த்துவிட்டதாக இரண்டு குழுக்கள் அறிவித்தன. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து செர்ஸ் என்கிறார்கள்.

மேலே சொன்ன பிளைஷ்மன் யாரென்று பத்திரிகைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1989 மார்ச்சில் இன்னொருவரோடு சேர்ந்து, சாதாரண அறை வெப்பத்திலேயே அணுக்கரு இணைவை நடத்திவிட்டோம் என்று மற்றவர்கள் சரிபார்க்கும் முன்பே நிருபர்களைக் கூட்டி அறிவித்தாரே, அவரேதான். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது, வேறு லேப்களில் செய்து பார்த்தால் வரவில்லை. ஒரே மனிதர், ஒரு கண்டுபிடிப்பு நின்றது, இன்னொன்று நிற்கவில்லை. தலைப்புச் செய்தியாக வந்தது நிற்காததுதான்.

சரி, ஏன் ஒளி பெருகுகிறது? உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன, ஒளி பட்டதும் கூட்டமாக ஆடுகின்றன. பூச்சில் சின்னச் சின்ன மேடுகளும் அவற்றுக்கு இடையே சில நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) இடுக்குகளும் இருந்தால், கால்வாயில் சும்மா போகிற தண்ணீர் மதகு இடுக்கில் சீறுகிற மாதிரி, ஒளியின் மின்புலம் அந்த இடுக்கில் போய்க் குவிகிறது. அங்கே அகப்பட்ட மூலக்கூறின் ராமன் ஒளி ஏறத்தாழ அந்தப் புலத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். புலம் பத்து மடங்கானால் ஒளி பத்தாயிரம் மடங்கு, புலம் நூறு மடங்கானால் ஒளி பத்துக் கோடி மடங்கு. இடுக்கை விட்டுச் சில நானோமீட்டர் தள்ளிப் போனாலே இந்த வேகம் போய்விடும். ஆகவே பளபளவென்று மெருகு போட்ட தங்கத் தகடு தனியாக ஒன்றுக்கும் உதவாது. டவுன் ரத வீதி நகைக்கடைகளில் எது அழகோ அது இந்த வேலைக்கு ஆகாது!

பெருக்கத்தில் வெள்ளிதான் தங்கத்தைவிடக் கெட்டிக்கார உலோகம். ஆனால் வெள்ளிக் கொலுசு கறுக்கிறதே, அந்தக் கறுப்பு இந்தச் சில்லிலும் வரும், நாளுக்கு ஒரு மாதிரி பதில் சொல்லும். தங்கம் அப்படியே இருக்கும். அதோடு கந்தக முனை உள்ள மூலக்கூறுகள் தங்கத்தில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், அதைப் பிடிமானமாக வைத்து மேலே ஆன்டிபாடியை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடிக்கிற புரதத்தை, கட்டலாம். ஒரு நிபந்தனை உண்டு, நீல ஒளியையும் பச்சை ஒளியையும் தங்கம் தானே விழுங்கிவிடும், அதனால் சிவப்பு லேசரோ அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத 785 நானோமீட்டர் லேசரோதான் சரிப்படும். ரத்தத்துக்கு அதுவே நல்லது, ரத்தப் பொருட்கள் தாமாக மினுங்கித் தொல்லை கொடுப்பது அந்த ஒளியில் குறைவு.

தங்கம் என்றால் விலை எக்கச்சக்கமாக இருக்குமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பூச்சின் கனம் 100 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் சில்லுக்கு 0.2 மில்லிகிராம் தங்கம்கூட வேண்டாம். சேதாரம் இல்லாமல் பூச முடிந்தால் ஒரு பவுனில் நாற்பதாயிரம் சில்லு வரும். (சேதாரம் இங்கேயும் உண்டு, நிறையவே உண்டு, பூசுகிற பெட்டியின் சுவரில் எல்லாம் போய் ஒட்டும்.) காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் தங்கத்தை ஆவியாக்கியோ ஆர்கான் வாயுவின் அயனிகளால் மோதிச் சிதறடித்தோ கண்ணாடிமேல் படியவைக்கிறார்கள். கண்ணாடியில் தங்கம் நேராக ஒட்டாது, விரலால் தேய்த்தாலே வந்துவிடும், அதனால் அடியில் சில நானோமீட்டர் குரோமியமோ டைட்டானியமோ பூசி, அதன் மேல்தான் தங்கம். பத்து நானோமீட்டருக்கும் குறைவாகப் பூசினால் முழுப் படலமாக வராமல் தீவு தீவாக நிற்கும், அந்தத் தீவுகளுக்கு இடையே உள்ள இடுக்கும் இந்த வேலைக்கு உதவும். பணம் போவது தங்கத்துக்கு இல்லை, அந்தப் பெட்டிக்கும், லேசருக்கும், ஒளியைப் பிரித்துப் பார்க்கிற கருவிக்கும்.

தங்கத்தை வைத்து டெஸ்ட் செய்வது புதுசும் இல்லை. கர்ப்பம் பார்க்கிற கார்டு, கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே அந்தக் கார்டு, இவற்றில் விழுகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்தான். நானோ அளவுக்குப் பொடியானால் தங்கம் சிவப்பாகத் தெரியும் என்பதை மைக்கேல் பாரடே 1857-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எத்தனையோ பேர் நூறு ரூபாய்க்கும் குறைவாக மருந்துக்கடையில் தங்க டெஸ்ட் வாங்கி, குப்பையிலும் போட்டாயிற்று.

இனி, நோய்க் குறியீட்டை, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கிற பொருளை, எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது. லேபில் எலைசா (ஆன்டிபாடியும் என்சைமும் வைத்து நிறம் வரவழைத்து அளக்கிற டெஸ்ட்) போடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். தங்கப் படலத்தில் ஒரு ஆன்டிபாடி, அது சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீரில்) இருந்து நாம் தேடுகிற புரதத்தைப் பிடித்து நிறுத்தும். மேலே இரண்டாவது ஆன்டிபாடி கட்டிய தங்கத் துகள் வந்து அதே புரதத்தை மறுபக்கம் பிடிக்கும். அந்தத் துகளில் ராமன் கோடு பலமாகக் கொடுக்கிற ஒரு மூலக்கூறை ஏற்கெனவே ஒட்டி வைத்திருப்பார்கள். எலைசாவில் என்சைம் நிறம் காட்டுகிற இடத்தில் இங்கே ராமன் கோடு, வித்தியாசம் அவ்வளவே. படலத்துக்கும் துகளுக்கும் நடுவே உள்ள இடுக்கும் பெருக்கத்துக்கு உதவுகிறது, இந்த ஏற்பாட்டில் மட்டும் அடியில் வழவழப்பான படலமே நல்லது, சில்லுக்குச் சில்லு ஒரே மாதிரி இருக்கும்.

2003-ல் அமெரிக்காவில் மார்க் போர்ட்டர் குழு இந்த முறையில் பிஎஸ்ஏ பார்த்தது. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு உண்டா என்று ரத்தத்தில் பார்ப்போமே, அந்தப் புரதம்தான் பிஎஸ்ஏ. சீரத்தில் மில்லிக்கு ஒரு பிக்கோகிராம் அளவுவரை தெரிந்தது என்று எழுதினார்கள். நாங்கள் ரிப்போர்ட்டில் போடுகிற வழக்கமான எல்லை மில்லிக்கு 4 நானோகிராம், அதில் நாலாயிரத்தில் ஒரு பங்கு இது. பிரமாதம்தான். ஆனால் புராஸ்டேட் சோதனையில் டாக்டர்களின் தலைவலி பிஎஸ்ஏ கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது இல்லையே? வயதானால் சுரப்பி வீங்கினாலும் கூடும், கிருமித் தொற்று வந்தாலும் கூடும், கூடியது புற்றுநோயாலா வேறெதனாலா என்பதுதான் கேள்வி. அதற்கு இந்தச் சில்லு எத்தனை நுட்பமாக அளந்தாலும் பதில் சொல்லாது. சுரப்பியையே அறுவை செய்து எடுத்தவர்களுக்கு பிஎஸ்ஏ அநேகமாகப் பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும், அவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்க இந்த நுட்பம் பயன்படலாம். செய்தி என்று போட்டால் இதையல்லவா போட வேண்டும்?

இன்னொன்றும் பாருங்கள். ஒரு கணக்குக்காக, லட்சம் பேரில் நூறு பேருக்கு ஒரு நோய் என்று வைப்போம். டெஸ்ட் அந்த நூறில் 99 பேரைப் பிடித்துவிடுகிறது, நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் தப்பாகப் பாசிட்டிவ் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊர் முழுக்க எடுத்தால் 99 பேர் உண்மையான நோயாளி, 4,995 பேர் ஒன்றுமே இல்லாமல் பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள். அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கிறவன் நான், அடுத்த நாள் வந்து என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் சில்லின் சொந்தக் குறை. இடுக்குகள் எல்லாம் ஒரே மாதிரி அமைவதில்லை. 2008-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், நுண்ணிய உருண்டைகளின் மேல் வெள்ளி பூசிய பரப்பில் அளந்து பார்த்தார்கள், பத்து லட்சம் இடங்களில் வெறும் 63 இடங்கள் மொத்த ஒளியில் 24 சதவீதத்தைக் கொடுத்தன. அது வெள்ளி, ஆனால் தங்கத்துக்கும் இதே தகராறுதான். அந்த அறுபத்து மூன்றில் ஒன்றில் நம் மூலக்கூறு விழுந்தால் ஒரு பதில், பக்கத்தில் விழுந்தால் வேறு பதில். எங்கள் லேபில் காலையில் கண்ட்ரோல், அதாவது அளவு ஏற்கெனவே தெரிந்த சாம்பிள், ஓட்டி, அது எல்லைக்குள் வந்தால்தான் நோயாளியின் சாம்பிளைக் கையில் எடுப்போம். ஒரே சாம்பிளை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும், இன்றைக்கு வாங்கிய கிட்டும் அடுத்த மாதம் வருகிற கிட்டும் ஒத்துப்போக வேண்டும். சொரசொரப்புப் பூச்சுச் சில்லுகள் பலவும் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வெளியே வராமல் கிடப்பதற்கு இது பெரிய காரணம். எவ்வளவு குறைவாகப் பார்க்கிறது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள், எத்தனை தடவை ஒரே மாதிரி சொல்கிறது என்று யாராவது கேட்டால்தான் சொல்வார்கள்.

ரத்தமும் லேசுப்பட்ட சாம்பிள் இல்லை. ஆல்புமின் மட்டும் மில்லிக்குச் சுமார் 40 மில்லிகிராம், நாம் தேடுகிற பிஎஸ்ஏ 4 நானோகிராம் என்றால் ஆல்புமின் அதைப்போல ஒரு கோடி மடங்கு. ஆல்புமின் தங்கத்தில் ஆசையாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கரைத்துப் பார்த்தபோது நன்றாக வந்த சில்லு சீரத்தில் விட்டதும் திணறுவது இதனால்தான்.

இவ்வளவு சொன்னதால் இது உதவாது என்று அர்த்தம் இல்லை. எனக்கு இதில் நம்பிக்கை உள்ள இடம் வேறு, காசநோய். பீடி சுற்றுகிற ஊர்கள் நம் பக்கம் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை, முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று போய்க்கொண்டே இருக்கும். இருமலோடு வருகிறவர்களிடம் சளி கொடுங்கள் என்றால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுப்பார்கள், குழந்தைகளுக்குச் சளி வரவே வராது. மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டுமானால் மில்லிக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கிருமி இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட், ட்ரூநாட் டெஸ்ட்டுகள் வந்தபிறகு நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனால் அவற்றுக்கும் பெரும்பாலும் முதலில் சளி வேண்டும். காசநோய்க் கிருமியின் மேலுறையில் லாம் என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு பொருள் இருக்கிறது, அது ரத்தத்திலும் சிறுநீரிலும் கொஞ்சூண்டு வரும். சிறுநீரில் அதைப் பார்க்கிற கார்டை எச்.ஐ.வி. உள்ளவர்களில் நிலைமை மோசமானவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, மற்றவர்களுக்கு அந்தக் கார்டின் கண்ணுக்கு எட்டாத அளவில்தான் லாம் இருக்கும். இங்கேதான் குறைந்த அளவைப் பார்ப்பது உண்மையிலேயே தேவைப்படுகிறது. நான் முன்னே சொன்ன அதே போர்ட்டர், பிறகு யூட்டா பல்கலைக்கழகத்தில், இதே தங்க முறையில் சீரத்தில் லாம் தேடினார். அதிலும் ஒரு முடிச்சு, ரத்தத்தில் புரதங்கள் லாமைக் கட்டிப்பிடித்துக்கொள்வதால் முதலில் அமிலம் விட்டுப் பிரித்தெடுத்தால்தான் ஆன்டிபாடிக்குக் கிடைக்கிறது. பார்த்தீர்களா, தங்கப் பூச்சைவிட அதற்கு முந்தின அந்த அமில வேலைதான் டெஸ்ட்டைக் காப்பாற்றுகிறது. இது எந்தத் தலைப்பிலும் வராது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி ஏஜென்சியில் இருந்து வந்தால், மொழிபெயர்த்து அப்படியே பெட்டி கட்டாமல் நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பார்த்தது தண்ணீரிலா, கடையில் வாங்கிய சீரத்திலா, நோயாளி ரத்தத்திலா? நோயாளி என்றால் எத்தனை பேர், அவர்களோடு வேறு நோய் உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்தார்களா, இல்லை நல்ல ஆரோக்கியமான கல்லூரிப் பையன்களோடு ஒப்பிட்டு விட்டுவிட்டார்களா? வேறொரு லேபில் வேறொருவர் செய்து பார்த்தாரா? நம் நாட்டில் விற்க மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் 2017-ம் வருட மருத்துவக் கருவி விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு விண்ணப்பமாவது போட்டிருக்கிறார்களா? பதில் கிடைக்கவில்லை என்றால், “இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை” என்ற ஒரு வரியை, கடைசியில் சின்ன எழுத்தில் இல்லாமல், தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். இதற்கெல்லாம் சென்னைக்குப் போன் போட வேண்டியதில்லை. அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் நூறு வருஷம் தாண்டிய கல்லூரிகள் இருக்கின்றன, இயற்பியல் துறையில் ஒரு பேராசிரியரைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுவார். அவர்களில் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்து, லேசர் பக்கம் நான் விட்டதை எழுதி அனுப்பினால் அதற்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.
(பெயர் போட வேண்டாம்.)